லவ் பேர்ட்ஸ் பிடிக்கத் தெரிந்த அண்ணன்

சீர் சாமான்கள் வந்து இறங்கிய அன்று, குட்டியானை வண்டியின் முன்சீட்டிலிருந்து என் மனைவி ஒரு கூண்டை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினாள். உள்ளே இரண்டு லவ் பேர்ட்ஸ். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். கட்டில், பீரோ, மிக்சி, குத்துவிளக்கு எல்லாம் மாமனார் வாங்கிக் கொடுத்தது. பறவைகளை மட்டும் அவளுடைய அத்தை மகன் கொடுத்திருந்தார். ஆட்கள் பீரோவை மாடிக்கு ஏற்றும்போது அவள் "பாத்துண்ணே, சுவத்துல இடிச்சிரும்" என்று ஒரு வார்த்தை சொன்னதோடு சரி. கூண்டை மட்டும் யார் கையிலும் கொடுக்கவில்லை. அவனியாபுரத்தில் நான் வாடகைக்குப் பிடித்திருந்த மாடி வீட்டின் குறுகலான படியில், பக்கவாட்டாக நடந்து, அவளே கொண்டுபோனாள். நான் தலையணை மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

எங்கள் பக்கம் அத்தை மகன் என்றால் கட்டிக்கொள்கிற முறை. சிம்மக்கல்லில் கீழ்வீட்டில் இவர்கள், மேல்வீட்டில் அத்தை குடும்பம். இரண்டும் ஒரே படிக்கட்டு. சின்ன வயதிலிருந்து 'இவனுக்கு இவள்' என்று பேசி வைத்திருந்ததாகவும், யாரோ ஒரு டாக்டர் சொந்தத்தில் வேண்டாம் என்று சொன்னதால் மாமனார் மனசு மாறி வெளியில் தேடியதாகவும் கல்யாணப் பந்தியிலேயே என் காதில் விழுந்தது. அரசாங்க ஆபீஸில் இளநிலை உதவியாளர், திருவாதவூர்க்காரன், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி என்று என் ஜாதகம் போனது அதற்கப்புறம்தான். ஆக, முகம் தெரியாத ஒரு டாக்டரின் வார்த்தையில் எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது.

அவர் அவளுக்கு மச்சான். எனக்கு அண்ணன். ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளும் முறை உள்ளவர்கள் தங்களுக்குள் அண்ணன் தம்பி ஆகிவிடுகிறார்கள். யாரைப் பார்த்து வயிறு எரிகிறதோ அவரையே வாய் நிறைய "அண்ணே" என்று கூப்பிட வேண்டும். அவரும் குறையில்லாமல் "சொல்லுங்க தம்பி" என்பார். தனியார் வங்கியில் வேலை. இஸ்திரி கலையாத சட்டை. மொட்டைமாடியில் ஓர் அறை அளவுக்குக் கம்பிவலை அடித்துப் பறவை வளர்க்கிறார். என் மனைவி என்னிடம் பேசும்போது "ஏங்க, வாங்க, சாப்பிடுங்க" என்று அம்புட்டு மரியாதை. போனில் அவரிடம் பேசும்போது "டேய் மச்சான், வச்சிராத, இரு" என்பாள். எனக்கு அந்த மரியாதையைத் தூக்கி எறிய வேண்டும்போல இருக்கும்.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூண்டைக் கழுவும்போது பச்சை வெளியே வந்துவிட்டது. அறைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றி ஜன்னல் திரைக்கம்பியில் உட்கார்ந்தது. "நான் பிடிக்கிறேன்" என்று துண்டை எடுத்தேன். எங்கள் வீட்டில் பறவையைப் பிடிப்பது என்றால் கோழி பிடிப்பது. ஓரமாக மடக்கி, பாய்ந்து, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் முடிந்தது. மற்றப் பறவைகளை நாங்கள் பிடித்ததில்லை, விரட்டித்தான் பழக்கம். அடுத்தவர் கொல்லையில் தினைக்கும் சோளத்துக்கும் காவல் இருந்து தகரம் தட்டிய குடும்பம். அந்தப் பழக்கத்தில் நான் துண்டை வீச, பச்சை சுவரில் மோத, நான் மறுபடி பாய, அது பீரோவுக்குப் பின்னால் விழுந்தது.

"ஐயோ, போதும்! அதென்ன சேவலா?" என்று கத்தினாள் மனைவி.

அடுத்த நிமிஷம் போன் அவள் காதில் இருந்தது. நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் "மச்சான் வாரான்" என்றாள்.

சிம்மக்கல்லிலிருந்து அந்த நெரிசலில் பைக்கில் வந்தார். வந்தவர் பறவையைப் பார்க்கவே இல்லை. முதலில் ஃபேனை நிறுத்தினார். அது ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஜன்னல் கதவுகளைச் சாத்தித் திரையை இழுத்தார். பீரோவைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னிடம் ஆபீஸ் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். "டிரான்ஸ்ஃபர் எல்லாம் எப்படி தம்பி?" நான் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன். பேச்சுக்கு நடுவில் கை பீரோ இடுக்குக்குள் போனது. வெளியே வந்தபோது உள்ளங்கையில் பச்சை மல்லாந்திருந்தது. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே அதன் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. மற்ற விரல்கள் கூடாரம் மாதிரி தொட்டும் தொடாமலும் இருந்தன. ஒரு சத்தம் இல்லை. ஒரு இறகு விழவில்லை.

என் மனைவி அந்தக் கையைப் பார்த்தாள். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. கையைத்தான் பார்த்தாள். ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோல் தடித்த, விரல் கட்டையான, எங்கள் அப்பாவுடைய கை. பேனா பிடித்து இத்தனை வருஷமாகியும் அது மாறவில்லை.

அதற்குப் பிறகு பறவை சம்பந்தமாக எது என்றாலும் போன் அங்கேதான் போனது. நகம் வளர்ந்தால் மச்சான். பச்சை ஒருநாள் சாப்பிடாமல் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மச்சான். அவர் வருவார், பிடிப்பார், பார்ப்பார், விடுவார், டீ குடிப்பார். "தம்பிக்கும் பழகிரும்" என்று எழுந்திருக்கும்போது ஒரு வார்த்தை வேறு சொல்வார். பழகிரும்! ஒரு தடவை சணல் கயிற்றில் தொங்கும் குட்டி ஊஞ்சல் வாங்கிவந்து கூண்டில் மாட்டிவிட்டுப் போனார். அவள் பிறந்தநாளுக்கு நான் வாங்கிய சேலை பீரோவில் இருந்தது. ஊஞ்சலை அவள் தினமும் பார்த்தாள்.

நான் ரகசியமாகப் படிக்க ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. தேர்வுக்குப் படித்த மாதிரி, பஸ்ஸில் நின்றுகொண்டே சின்னப் பறவைகளைப் பிடிப்பது பற்றி வீடியோ பார்த்தேன். பறவைக்கு நெஞ்சு விரிந்தால்தான் மூச்சு. நெஞ்சை அமுக்கினால் மூக்கு திறந்திருந்தும் மூச்சு நின்றுவிடும் என்று தெரிந்துகொண்டேன். துரத்தத் துரத்த பயத்திலேயே செத்துப்போகலாம் என்று தெரிந்துகொண்டேன். தினைக் கதிர் வாங்கிவந்து தினமும் ஆபீஸ் போகும் முன் கூண்டுக்குள் கையை வைத்து நின்றேன். மஞ்சள் வந்து கொத்தும். பச்சை மூலையில் ஒட்டிக்கொண்டு ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்க்கும். துண்டு வீசியவனை அது மறக்கவில்லை.

பிடி பழகுவதற்கு என் சாக்ஸைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, சாக்ஸின் முதுகுப்பக்கமாகக் கையைக் கொண்டுபோய்க் கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

"துவைக்கப் போடுறேன்."

"அதுக்கு எதுக்குத் தடவிக் குடுக்குறீங்க?"

அவள் சிரித்தாள். இதை மச்சானிடமும் சொல்லிச் சிரித்திருப்பாள் என்று நானாகவே நினைத்துக்கொண்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் பொங்கல் வந்தது.

பொங்கலன்று அவனியாபுரத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ஜல்லிக்கட்டுக்காகத் தெருக்களைக் கட்டை கட்டி அடைத்துவிடுவார்கள். ஷேர் ஆட்டோ கிடையாது, பைக் கிடையாது. உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே. விடிந்ததிலிருந்து மைக் சத்தம் ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கும். அன்று அவள் பொங்கல் பானையை இறக்கிவிட்டுத் தினை போடப் போனவள், கூண்டுக்கு முன்னால் நின்று என்னைக் கூப்பிட்ட குரலே வேறு மாதிரி இருந்தது.

பச்சை ஒற்றைக் காலில் நின்றது. இன்னொரு காலைத் தூக்கித் தூக்கி அலகால் பிடுங்கிக்கொண்டிருந்தது. ஊஞ்சலின் சணல் பிரிந்து, ஒரு நார் அதன் காலில் சுற்றி இறுகியிருந்தது. இழுத்து இழுத்து ஊஞ்சலிலிருந்து அறுத்துக்கொண்டுவிட்டது, ஆனால் சுருக்கு காலிலேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே விரல்கள் வீங்கிக் கறுப்படிக்க ஆரம்பித்திருந்தன.

அந்த ஊஞ்சல் யார் வாங்கிவந்தது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. உள்ளே ஒரு குளிர்ச்சி. இதை எழுதும்போதும் அந்தக் குளிர்ச்சி ஞாபகம் இருக்கிறது.

"மச்சானுக்குப் போடுறேன்" என்றாள்.

"போட்டா? பறந்தா வருவாரு? எல்லாப் பக்கமும் அடைச்சிருக்கு."

"கால் போயிருங்க. பாருங்க, கறுத்துட்டு வருது."

"நான் பிடிக்கிறேன்."

அவள் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அந்தப் போன்தான் என்னைக் கூண்டுக்குள் கையை விடவைத்தது. படித்ததெல்லாம் மறந்துபோனது. கை உள்ளே போனதும் இரண்டும் கம்பியில் மோதி இறக்கையடித்தன. நான் வலது பக்கம் போனால் பச்சை இடது பக்கம். கம்பி, தண்ணீர்க் கிண்ணம், உட்காரும் குச்சி, எல்லாவற்றிலும் என் கை இடித்தது. வெளியே மைக்கில், "மாடு சுத்துது பாருங்க! கிட்ட வா பாப்போம்! தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு!" என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். பச்சை தரையில் விழுந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. வால் மேலும் கீழும் ஆடியது.

"விடுங்க! செத்துரும்!"

கையை எடுத்தேன். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி," என்றது அந்தக் குரல், நிதானமாக. "கரும்பு குடுக்கலாம்னு காலைலயே வில்லாபுரம் வரைக்கும் வந்து பாத்துட்டேன், விட மாட்டேங்குறாங்க. பயப்படாதீங்க. நெஞ்ச மட்டும் அமுக்கிராதீங்க."

"தெரியும்ணே."

"கிண்ணம், குச்சி எல்லாம் முதல்ல வெளிய எடுத்துருங்க."

"தெரியும்ணே."

"தெரியும்னா ஏன் தம்பி எடுக்கல?"

மனைவி போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தபோது லைன் கட்டாகிவிட்டது. ஊர் முழுக்க ஜனம், எல்லார் கையிலும் போன், டவர் தாங்கவில்லை. அவள் மறுபடி மறுபடி அழுத்தினாள். போகவில்லை. ஒரு நிமிஷம் எனக்கு அந்தக் கூட்டத்தின் மேலேயே பிரியம் வந்தது.

பிறகு பச்சையைப் பார்த்தேன். அது இறந்தால் அவள் என்ன சொல்வாள் என்று தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டாள். "விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க" என்பாள். அந்த மரியாதையோடு நான் காலம் முழுக்க இருக்க வேண்டும்.

அது மூச்சு வாங்கி முடிக்கட்டும் என்று கூண்டின் மேல் அவளுடைய பழைய துப்பட்டாவைப் போட்டு மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். திருவாதவூர் வீட்டில் கோழிகளை மொத்தமாகப் பிடிப்பது எப்போதும் பொழுது சாய்ந்த பிறகுதான். இருட்டினால் கோழிக்குக் கண் தெரியாது, இருந்த இடத்திலேயே இருக்கும், அம்மா பாயாமல் துரத்தாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் வைப்பாள். அன்று துண்டோடு பாய்ந்தபோது எனக்குப் பகல் கோழிதான் ஞாபகம் வந்திருக்கிறது. அண்ணன் அன்று திரையை இழுத்துச் செய்ததும் இதைத்தானே என்று நினைத்ததும் மறுபடி எரிந்தது. என் வீட்டிலேயே இருந்ததை அவர் கையில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் அறை பகலில் இருட்டாகாது. மேற்கே பெரிய ஜன்னல், திரையும் மெல்லிசு. பொழுது சாயும்வரை கால் தாங்காது.

"பாத்ரூம்" என்றேன்.

"என்ன?"

"பாத்ரூம்ல ஜன்னல் கிடையாது. சத்தமும் அம்புட்டுக் கேக்காது."

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு தானே உள்ளே போய் வாளித் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தாள். தப்பித்தால் தண்ணீரில் விழக்கூடாதே. காற்றுப்போகும் ஓட்டையில் கால்மிதியைத் திணித்தாள். நான் துப்பட்டாவோடு கூண்டைத் தூக்கிவந்து கிண்ணம், குச்சி, அந்த ஊஞ்சல் எல்லாவற்றையும் மெதுவாக வெளியே எடுத்தேன். ஊஞ்சலைக் கொஞ்சம் வேகமாகவே எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன்.

கதவைச் சாத்தினோம். அவள் போன் டார்ச்சை விரல்களால் மூடிப் பிடித்திருந்தாள். விரல் இடுக்கில் சிவப்பாகக் கொஞ்சம் வெளிச்சம். மஞ்சள் கம்பியில் தொற்றிக்கொண்டிருந்தது. பச்சை கீழே, மூலையில், எனக்கு முதுகைக் காட்டி.

"பாத்துட்டீங்களா?" என்று கிசுகிசுத்தாள்.

"ம். அணை."

இருட்டு. வெளியே மைக் எங்கோ தூரத்தில் பேசுவது மாதிரி இருந்தது. அந்தக் குளியலறைக்குள் எங்கள் இரண்டு பேர் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கையைக் கூண்டுக்குள் விட்டுத் தரையோடு தரையாக நகர்த்தினேன். விரல் நுனியில் வால் பட்டது. துள்ளவில்லை. இறக்கைகளோடு சேர்த்து முதுகை உள்ளங்கையால் மூடினேன். தலை தானாக இரண்டு விரல்களுக்கு நடுவே வந்து நின்றது. அதன் நெஞ்சைத் தொடாமல் விட்டுவிட்டேன். சாக்ஸுக்கு இல்லாத ஒன்று அதற்கு இருந்தது. அம்புட்டுச் சின்ன உடம்பில் இதயம் அடிப்பது ஃபேன் மோட்டாரின் அதிர்வு மாதிரி என் கைக்குள் ஓடியது.

"வெளிச்சம்."

டார்ச் வந்த நொடி பச்சை கழுத்தைத் திருப்பி என் ஆள்காட்டி விரலைக் கடித்தது. லவ் பேர்ட்ஸ் கடி என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். நகத்தோரம் சதையைப் பிடித்து விடாமல் அரைத்தது. நான் கையை இறுக்கவும் முடியாது, உதறவும் முடியாது. "வெட்டு, வெட்டு" என்றேன். அவள் ஒரு கையில் டார்ச், ஒரு கையில் நகம் வெட்டும் சின்னக் கத்தரி. முகம் கூண்டுக் கதவை ஒட்டி இருந்தது. நாரின் நுனி கிடைக்காமல் ஒருமுறை தவறியது. மறுமுறை சுருக்குக்கும் தோலுக்கும் நடுவே நுனியை விட்டு வெட்டினாள். நார் கழன்றது. கையைக் கூண்டின் தரையில் வைத்து விரல்களைப் பிரித்தேன். பச்சை உடனே ஓடவில்லை. அரை நொடி என் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனது.

வெளியே வந்து கூண்டை மூடி வைத்தோம். கொஞ்ச நேரம் கழித்து ஓரமாக விலக்கிப் பார்த்தபோது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. காலை ஊன்றியது. விரல்களில் ரத்தம் ஓடிச் சிவந்திருந்தது. மனைவி என் விரலைப் பார்த்து, "ஐயையோ, மஞ்சப்பொடி வைக்கிறேன் இருங்க" என்று அடுப்படிக்கு ஓடினாள். ஆறிப்போன பொங்கலை இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

சாயங்காலம் கட்டைகளைப் பிரித்ததும் அவர் வந்துவிட்டார். பைக்கை எங்கேயோ நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று "இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு மச்சான். இவரே பிடிச்சிட்டாரு. பாத்ரூம்ல வச்சு, இருட்டுல. நீ பாத்திருக்கணும்!"

அவள் சொல்லச் சொல்ல அவர் என்னைப் பார்க்காமல் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஊஞ்சல் இருந்த கொக்கியைப் பார்த்தார். பிறகு வழக்கம்போலக் கதவுக்குக் கையைக் கொண்டுபோய், "அதோட காலை ஒரு தடவ பாத்துர்றேன்" என்றார்.

"வேணாம் மச்சான்" என்றாள் மனைவி. "காலைலயே அது செத்துப் பொழச்சிருக்கு. இன்னொரு தடவ பிடிச்சா பயந்துரும். நாளைக்கு வேணும்னா இவர பிடிக்கச் சொல்றேன்."

அவர் கை கூண்டுக் கதவிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். ஒரு வருஷமாக நான் கண்ணாடியில் பார்த்துவந்தது. இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். சந்தோஷம் வந்து ஏறட்டும் என்று நின்றேன்.

அவள் டீ போட உள்ளே போனாள். அவர் மஞ்சள் பூசிய என் விரலைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கடிச்சிருச்சா தம்பி?"

"ஆமாண்ணே. விடவே மாட்டேன்னுருச்சு."

கையை நீட்டச் சொல்லி, விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அலகு பதிந்த இடம் நீலம் பாரித்திருந்தது.

"இது குஞ்சுல இருந்து என்கிட்ட இருந்துச்சு," என்றார். "என்னைய ஒரு தடவகூடக் கடிச்சதில்ல."

அது பெருமையா, குறையா என்று அவர் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. விரலை அவர் இன்னும் விடவில்லை. வந்து ஏற வேண்டிய சந்தோஷத்துக்குப் பதிலாக எனக்குப் பழையபடி பொறாமைதான் வந்தது. ஒரு தடவைகூடக் கடிக்கவில்லையாமே.